பார்ட்டிங் வராத கை

என் அண்ணனைத் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது அவருடைய கோபத்தைத்தான். கோபக்காரர்தான், நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் சும்மா வராது. யாராவது அவருடைய லேத்தைத் தொட்டால் வரும். கை துடைத்த துணியை மெஷின் தலைமேல் போட்டுவிட்டால் போதும், "அது என்ன உங்க வீட்டுக் கொடிக்கயிறா?" என்று பிடித்துக்கொள்வார். வந்த ஆள் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டு வாசலில் போய் நிற்பான்.

வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட கொட்டகைதான் எங்கள் பட்டறை. சந்துப் பக்கம் ஒரே ஒரு ஜன்னல், அதன் அடியில் லேத். இரும்புக் கம்பியைச் சுழலவிட்டுக் கடையும் மெஷின், ஆள் உயரம்கூட நீளமில்லாத சின்னது. பச்சை பெயின்ட் முக்கால்வாசி உதிர்ந்து, கைபட்ட இடங்கள் மட்டும் வெள்ளிபோல் மின்னும். எதிர்ச் சுவரோரம் என் மேஜை. அதில் துண்டைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், நாலைந்து அரம், துணி விரித்த ஒரு தட்டு. அண்ணன் வெட்டிப் போடும் துண்டுகளில் ஓரத்தில் நிற்கும் பிசிறை எடுத்து, அளவு பார்த்து, எண்ணெய் தடவி அடுக்குவது என் வேலை. இரும்புத் தூள் எங்கள் செருப்போடு வீட்டுக்குள்ளும் போகும். "இந்த வீட்டுல மட்டும்தான் படுக்கையில இரும்பு விளையுது" என்று அண்ணி துடைப்பத்தோடு புலம்புவாள்.

நான் அந்த மேஜைக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். புருஷன் வீட்டில் ஒத்துவரவில்லை. என் வாய்தான் காரணம் என்றார்கள். அவர்கள் காதுதான் காரணம் என்றேன். ஒரு மத்தியானம் ஒரு பையோடு திரும்பி வந்து கொட்டகை வாசலில் நின்றேன். அண்ணன் மெஷினை நிறுத்தவில்லை. என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையிலிருந்த வேலை முடிந்ததும் ஒரு அரத்தை எடுத்து என்னிடம் நீட்டி, "உக்காரு. பிசிறு எடு" என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். பெற்றவர்கள்கூட ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார்கள். அதனால் அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எனக்குப் பொறுக்காது.

லேத் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுற்றும் கம்பியைச் சீவுவது பெரிய வித்தையில்லை, கொஞ்ச நாளில் பழகிவிடும். கம்பியில் பள்ளம் வெட்டுவது அதைவிடக் கொஞ்சம் கஷ்டம். பார்ட்டிங் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் பரீட்சை. ஒல்லியான தகடு போன்ற டூலைச் சுற்றும் கம்பிக்குள் நேராக நடு மையம் வரை செலுத்தி, துண்டைத் தனியாக அறுத்து எடுக்க வேண்டும். இருபக்கமும் இரும்புச் சுவர், நடுவில் அந்த மெல்லிய நாக்கு. கொஞ்சம் பிசகினால் மெஷின் அலறும், கம்பி அதிரும், டூல் படக்கென்று ஒடியும். சின்ன மெஷினில் இது இன்னும் மோசம். அதனால் எங்கள் பக்கத்தில் லேத் ஓட்டும் டர்னர்கள் பலரும் பாதி வெட்டிவிட்டு, மீதியை ரம்பத்தால் அறுத்து, 'நேரம் மிச்சம்' என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அண்ணனுக்கு ரம்பம் தேவைப்பட்டதே இல்லை. "பயந்து பயந்து கொடுத்தா டூல் தேய்க்கும், வெட்டாது. துணிஞ்சு கொடு" என்பார். வலது கையால் கைப்பிடியைச் சீராகச் சுற்றுவார். சுருள் சுருளாக இரும்பு வரும், துண்டு தட்டில் விழும், வெட்டிய முகத்தில் முகம் பார்க்கலாம். ஒடிந்த டூலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு அக்கம்பக்கத்து டர்னர்கள் அவரிடம்தான் வருவார்கள். ஒருமுறை ஒருவர் டூலை முக்கால்வாசி வெளியே நீட்டி வைத்து ஓட்டிவிட்டு, மெஷின் சரியில்லை என்று குறை சொன்னார். அண்ணன் ஒடிந்த முனையை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "நாக்கை இவ்வளவு நீட்டினா ஒடியாம என்ன செய்யும்? என் தங்கச்சியப் பாத்துக் கத்துக்கிட்டீங்களா?" என்றார். நான் அரத்தைத் தூக்கிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல், "மெஷினைத் திட்டறதுக்கு முன்னாடி உங்களைப் பாருங்க. நூத்துக்குத் தொண்ணூறு தப்பு நம்ம கையிலதான்" என்றார்.

அந்தப் பேச்சு எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால், மீதிப் பத்தைப் பற்றிக் கேட்காமல் விட்டோமே என்றிருக்கிறது.

அண்ணனுக்குச் செல்லம் ஒருவன் உண்டு, அண்ணியின் தம்பி. பின்பாக்கெட்டில் எப்போதும் ஸ்பேனர் இருக்கும், அதனால் பெயரே ஸ்பேனர் ஆகிவிட்டது. வண்டி, மோட்டார், மாவு மெஷின், எதையும் பிரித்துப் பார்க்காமல் இருக்க மாட்டான். அண்ணன் என்றால் அவனுக்கு உயிர். அண்ணனுக்கும் அவன்மேல் அப்படித்தான், ஆனால் லேத் விஷயத்தில் மட்டும் அவனையும் அண்ட விடமாட்டார். "மாமா, முன்பக்க பேரிங் தேஞ்சு ஆடுது. ஒரு நாள் கொடுங்க, புதுசு போட்டுத் தரேன்" என்று அவன் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறான்.

"தொட்டே, கையை முறிச்சுடுவேன். அது எவ்வளவு ஆடும்னு எனக்குத் தெரியும், நான் எப்படி ஓட்டுவேன்னு அதுக்குத் தெரியும். நடுவுல நீ யாரு மாப்ளே?"

"நான் ஊமைக் குசும்பன்" என்பான் அவன். பேச்சு அதோடு நிற்கும்.

ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து செம்பு நழுவியது. குனிந்து எடுக்கப் போனார், எடுக்க முடியவில்லை. வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. அண்ணி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிய இரண்டு நாள் ஆயிற்று. வாய் சரியாகிவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. வலது கை மட்டும் போர்வைமேல் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போல் கிடந்தது.

நானும் அண்ணியும் மாறி மாறி ஆஸ்பத்திரியிலேயே கிடந்தோம். டாக்டர் நல்ல மனுஷர். "கை திரும்பும். ஆனா வேலை கொடுத்தாத்தான் திரும்பும். சும்மா விட்டீங்கன்னா விரல் மடங்கி அப்படியே இறுகிப் போயிடும். அப்புறம் யார் வந்தாலும் நிமித்த முடியாது" என்றார். எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "அவருக்குப் படபடப்பு ஆகவே ஆகாது. கோபம் வர மாதிரி எதையும் காதுல போடாதீங்க" என்றும் சொன்னார்.

அண்ணன் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பார்ட்டிங் பண்ண வருமா?"

"அது என்னன்னு எனக்குத் தெரியாதே. சாப்பிடலாம், சட்டை பட்டன் போடலாம்."

"அதுக்கா கை?" என்று சொல்லிவிட்டு அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆனால் விடவில்லை. அந்த மனுஷனின் பிடிவாதத்தை நான் அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். ரப்பர் பந்தைப் பிசைவார். ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார். கீழே விழுந்தால் கெட்ட வார்த்தை ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார். வீட்டுக்கு வந்த பிறகும் அதே வேலை. கொஞ்சம் கொஞ்சமாக விரல்கள் பிடிக்க ஆரம்பித்தன. ஒரு நாள் என் சடையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். வலித்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

"இன்னும் ஒண்ணுதான் பாக்கி. பார்ட்டிங் வந்தா நான் டர்னர். வரலேன்னா உக்கார வெச்சுச் சோறு போட வேண்டிய ஆளு. அவ்வளவுதான்" என்றார்.

நாங்கள் என்ன சொல்லியும் கேட்கவில்லை. மறுநாளே கொட்டகைக்குக் கிளம்பிவிட்டார்.

வேலையும் காத்திருந்தது. பம்பு ரிப்பேர் பார்ப்பவர் ஒருவர், எங்கள் பழைய வாடிக்கை, பம்புக் கைப்பிடியில் கோக்கும் இரும்பு ஆணி, 'பின்', கேட்டிருந்தார். கனமான கம்பியில் இரண்டு முனைக்கும் பக்கத்தில் ஒவ்வொரு பள்ளம், பூட்டு வளையம் உட்கார. அப்புறம் கம்பியிலிருந்து அறுத்து எடுக்க வேண்டியதுதான். ஸ்பேனர் விடிந்ததிலிருந்து வந்து நின்றிருந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. வயிற்றுக்குள் ஏதோ ரகசியத்தை வைத்துக்கொண்டு துள்ளுகிற பிள்ளை மாதிரி இருந்தான். மாமா எழுந்து வந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் சுவிட்சைப் போட்டார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். "என்னடா இது, சத்தமே கேக்கல. காதும் மந்தமாயிடுச்சா?" என்றார். ஸ்பேனர் வாயைத் திறந்தான், அண்ணி அவனை முறைத்தாள், மூடிக்கொண்டான்.

கம்பியைச் சீவினார், நன்றாக வந்தது. முதல் பள்ளம் வெட்டினார். நான் வளையத்தைப் போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டாவதும் அப்படியே. "வந்துடுச்சு அண்ணே!" என்று நான்தான் கத்தினேன். அவர் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு. பார்ட்டிங் டூலை மாட்டி, எண்ணெய் விட்டு, கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார்.

முதலில் சுருள் அழகாகத்தான் வந்தது. கம்பியில் பாதி போனதும் ஒரு கீச்சுச் சத்தம். பிறகு அதிர்வு, ஜன்னல் கம்பிவரை நடுங்கியது. அவர் விடவில்லை, துணிந்து கொடுத்தார். டூல் வெட்டவே இல்லை. தேய்த்தது, புகைந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். படக்கென்று ஒடிந்தது. அண்ணன் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யானைக்கும் அடி சறுக்கும்" என்று அண்ணி ஏதோ சொல்லப் பார்த்தாள்.

"சறுக்கின யானை எழுந்திரிக்கறதில்ல, போ" என்றார்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் நினைக்கவே பிடிக்கவில்லை. மற்றவர்களுக்கு எதையெல்லாம் பார்க்கச் சொல்வாரோ அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்து பார்த்தார். டூலைப் புதிதாகத் தீட்டினார். எவ்வளவு குறைவாக நீட்ட முடியுமோ அவ்வளவு குறைவாக நீட்டினார். கம்பிக்கு நேர்ச் செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்தார். டூலைத் தாங்கி நகரும் ஸ்லைடின் ஆட்டத்தை இறுக்கினார். வேகத்தைக் குறைத்தார். பள்ளத்தில் சுருள் சிக்காமல் தூரிகையால் தள்ளினார். டூலின் வெட்டுமுனை கம்பியின் மையத்துக்குச் சரியான உயரத்தில் நிற்கிறதா என்று, எதிர்முனையில் இருக்கும் கூரான சென்டர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். "எப்பவும் இருக்கற இடத்துலதான் இருக்கு" என்றார். ஒவ்வொரு தடவையும் ஆரம்பம் நன்றாக இருக்கும். மையத்தை நெருங்க நெருங்க டூல் வெட்ட மறுக்கும். கடைசியில் கீச்சு, அதிர்வு, ஒடிவது.

"பள்ளமெல்லாம் நல்லாத்தானே வருது அண்ணே? கை சரியில்லேன்னா அது மட்டும் எப்படி வரும்?" என்று கேட்டேன்.

"பள்ளத்தைக் குழந்தை வெட்டும். ஆரம்பத்துல யார் வேணா வெட்டலாம். உள்ள போகப் போகத்தான் கை வேணும். எனக்கு அங்க கை இல்ல."

"மெஷின்ல ஏதாவது..."

"வாயை மூடு! இத்தனை வருஷமா ஒரு நாள் என்னைக் கைவிட்டிருக்கா அது?"

டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து நானும் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடியது அதிசயம் என்று அண்ணி பார்த்தாள். அந்த நாட்களில் அவளும் ஸ்பேனரும் சமையலறையில் குசுகுசுவென்று பேசுவார்கள். நான் போனால் நிறுத்திவிடுவார்கள். பிறந்த வீட்டில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டவளைப் பற்றித்தான் பேச்சு என்று நானாக நினைத்துக்கொண்டு, பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

கடைசி டூலும் ஒடிந்த அன்று அண்ணன் மெஷினைத் துடைத்து, எண்ணெய் பூசி, பழைய போர்வையால் மூடினார். வீட்டுக்குள் வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். ரப்பர் பந்தை அண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொள்ளவில்லை.

"எதுக்கு? பட்டன் போடவா? நீ போட்டு விடு."

கெஞ்சினோம், அதட்டினோம், சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தோம். மலையைப் பேசி நகர்த்தலாம், அவரை முடியாது. இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டார். வலது கையை மடியில் போட்டு வைத்திருப்பார், அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர்போல். நாளடைவில் விரல்கள் உள்ளே மடங்கின. முதலில் சுண்டுவிரல், அப்புறம் மற்றவை. டாக்டர் சொன்னபடியே இறுகிப் போனது. ஸ்பேனர் மட்டும் தினம் சாயங்காலம் வருவான், வெந்நீரில் கையை வைத்துப் பிடித்துவிடுவான், முகம் வழித்துவிடுவான். அவனைத்தான் அண்ணன் விடுவார்.

வீடு நடக்க வேண்டும், மெஷின் சும்மா கிடந்தால் துருப்பிடிக்கும். ஒரு டர்னரைப் பார்த்துக் கொட்டகையை லேத்தோடு வாடகைக்கு விட்டோம். வந்தவர் கண்ணாடி போட்ட, பேச்சு குறைவான மனுஷர். நான் என் மேஜையில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பம்புக்காரர் முதல் வேலையாக அதே பின்னைக் கொடுத்திருந்தார். புது டர்னர் பள்ளம் வெட்டினார், பார்ட்டிங் டூலை மாட்டினார், சென்டர் பக்கத்தில் கொண்டுபோய் உயரம் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"ஏம்மா, டூலுக்கு அடியில இந்தத் தகட்டை வெச்சது யாரு?"

"என் அண்ணன். எப்பவும் அங்கதான் இருக்கும்."

"இது இருந்தா முனை மையத்துக்கு மேல நிக்குதே. மேல நின்னா ஆரம்பத்துல வெட்டும், உள்ள போகப் போக அடிப்பாகம்தான் உரசும். வெட்டாது. ஒடியும்." கம்பியின் நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார், அசையவில்லை. "பேரிங் ஆடற பழைய மெஷின்ல சில பேர் இப்படி வைப்பாங்க. டூல் அழுத்தும்போது கம்பி கொஞ்சம் மேல ஏறும், அப்ப முனை சரியா மையத்துக்கு வந்துடும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனா இங்கதான் புது பேரிங் போட்டிருக்கே, கம்பி எங்க ஏறப் போவுது?"

"புது பேரிங்கா?" என்றேன்.

அவர் தகட்டை எடுத்துவிட்டு டூலை மாட்டினார். கைப்பிடியைச் சுற்றினார். கீச்சு இல்லை, அதிர்வு இல்லை. சுருள் நின்றதும் துண்டு தட்டில் விழுந்தது. நான் அதைக் கையில் எடுத்தேன், சுட்டது. வெட்டிய முகம் கண்ணாடிபோல் இருந்தது.

சமையலறைக்கு எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. அண்ணி என் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள். நான் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் கொட்டிவிட்டாள். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஸ்பேனர்தான் மெஷினைப் பிரித்திருக்கிறான். மாமா திரும்பி வரும்போது அது பூப்போல ஓட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. முதல் நாளே, வேலை முடிந்ததும் சொல்லி அசத்துவதாக இருந்தான். அதற்குள் டூல் ஒடிந்துவிட்டது.

"அந்த நேரத்துல போய் உங்க மெஷினைத் தொட்டேன்னு எப்படிச் சொல்றது? கோபத்துல மறுபடி ஏதாவது ஆயிட்டா? நான்தான் வேண்டாம்னேன். அப்புறம் சொல்லியிருக்கலாம். கை போச்சேன்னு உக்காந்திருக்கறவர்கிட்ட, மெஷினைப் புதுசாக்கி வெச்சிருக்கோம்னு சொன்னா வெந்த புண்ணுல வேல் பாய்ச்சற மாதிரி இருக்காதா? பேரிங்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது. யாரைத் திட்டுவது? எனக்குத் திட்ட ஆள் கிடைக்காமல் போனது அன்றைக்குத்தான். தேய்ந்த பேரிங்கை அண்ணன் அளவுக்குத் தெரிந்து வைத்திருந்தவர் யாருமில்லை. வேறு எந்த டர்னராக இருந்தாலும் உயரம் பார்த்த உடனே தகட்டைத் தூக்கி எறிந்திருப்பான். இவருக்கு மட்டும் அது சரியான இடமாகத் தெரிந்தது. காதில் சத்தம் குறைந்ததற்கும் தன் காதையே சந்தேகப்பட்டார். மெஷின் நன்றாகிவிட்டது என்பதற்கு இருந்த ஒவ்வொரு அடையாளத்தையும், தான் கெட்டுப்போனதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்.

அண்ணி தடுக்கத் தடுக்க உள்ளே போனேன். அண்ணன் ஜன்னலோரம் இருந்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் அழுதேன், மூக்கைச் சிந்தினேன், மறுபடி சொன்னேன். கோபம் வரும் என்று பயந்தேன், வரவில்லை.

"தகட்டை எடுத்ததும் ஒரே இழுப்புல வந்துச்சா?"

"ஒரே இழுப்பு."

"துண்டு நடுவுல வெட்டுப்படாம குமிழ் ஏதும் நின்னுச்சா?"

"இல்ல அண்ணே. மழமழன்னு இருக்கு."

துண்டை நீட்டினேன். வாங்க வலது கைதான் கிளம்பியது. அது பாதி வழியில் நின்றது, விரல்கள் திறக்கவில்லை. இடது கையால் ஒவ்வொரு விரலாக நிமிர்த்தினார். விட்டதும் அவை பழையபடி மடங்கிக்கொண்டன. இன்னொரு தடவை நிமிர்த்தினார். மடங்கின.

"அப்ப நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார்.

கையைத்தான் சொன்னார்.

அந்தக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "பேரிங்காலதான்னு ஸ்பேனருக்குத் தெரியுமா?" என்றார்.

"இன்னும் இல்ல. வரட்டும் அவன், தோலை உரிச்சுத் தொங்க விடறேன்."

"சொல்லாதே."

"என்ன?"

"அவன்கிட்ட சொல்லாதே. தாங்க மாட்டான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சொல்லாம சொல்லாமத்தானே அண்ணே இந்தக் கதி! அவங்க உனக்குச் சொல்லல, இப்ப நீ அவனுக்குச் சொல்லாதேங்கறே. இந்த வீட்டுல வாய் இருக்கறது எனக்கு மட்டும்தானா?"

"சொன்னா என் கை திரும்புமா?"

துண்டைக் கொட்டகைக்குக் கொண்டுபோய், எண்ணெய் தடவி, என் தட்டில் அடுக்கினேன்.

சாயங்காலம் ஸ்பேனர் வந்தான். புது டர்னர் அதற்குள் போய்விட்டிருந்தார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெந்நீர் வைத்தாள். அவன் துண்டை அண்ணன் கழுத்தில் சுற்றி, சோப்பைக் குழைத்து, கன்னத்தில் நுரையைத் தடவினான். தடவிக்கொண்டே கேட்டான், "புது ஆளு எப்படி மாமா? பார்ட்டிங் வருதாமா?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை.

"வருது மாப்ளே. நல்ல கை அவருக்கு."

"என்ன இருந்தாலும் உங்க கை மாதிரி வருமா?" என்று சொல்லிவிட்டு ஸ்பேனர் கத்தியை எடுத்தான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, வழிக்க வசதியாக முகத்தை அவன் பக்கம் தூக்கிக் கொடுத்தார்.